அறுந்திருக்க வேண்டிய நூல்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தேன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்கும் பால் கணக்கு குறிப்பதற்கும்தான் பேனா எடுத்திருக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். ரேஷன் கடையில் என்னைத் தாண்டி ஒருத்தர் முன்னால் போய் நின்றால் அவர் வாங்கி முடிக்கட்டும் என்று நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவள் முகம் தெரியாதவர்கள் படிக்கிற மாதிரி எழுதுவது அதிகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டேன். அதனால் என்ன ஆனது என்பதை எழுதியாவது வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

யாருக்கு அது நடந்ததோ அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டேன். "எழுதுங்கக்கா. பேர் மட்டும் போடாதீங்க. எங்கம்மா இன்னும் சர்ச்சுல பதில் சொல்லிகினு இருக்காங்க" என்றாள். அதனால் இதில் யார் பேரும் இல்லை.

என் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஆரணியிலும் சேவூரிலும் பட்டுத் தறி வைத்திருக்கிற வீடுகளில் கூப்பிடுவார்கள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் தறியில் பழைய இழைகளின் நுனி மட்டும் நிற்கும். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த நுனிகளோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். முடிச்சு கிடையாது. விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு ஒரே முறுக்கு. ஒரு சேலை அகலத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் இழை வரும். பிணைத்த இடம் தறி அச்சுக்குள் தட்டாமல் போக வேண்டும், கண்ணுக்கும் தெரியக் கூடாது. பதினாறு வயதில் தொடங்கினேன், இப்போது நாற்பத்தெட்டு. என் பிணைப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்வார்கள். அது எங்கள் வேலையில் பெரிய பாராட்டு.

பாராசூட் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு பறக்கிற வேலைக்கு நான் எப்படிப் போனேன் என்றால், ஒரு சிக்கல் பிரிக்கப் போனேன்.

எங்கள் பக்கத்து ஏரி மாசி கடைசியிலேயே வற்றிவிடும். வேலிகாத்தான் முள்மரம் முளைத்த இடம் போக நடுவில் மைதானம் மாதிரி நீளமாகக் கிடக்கும். சென்னையிலிருந்து ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அனுமதி எல்லாம் வாங்கி, சனி ஞாயிறுகளில் பாராகிளைடிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். மலை இருக்கிற ஊரில் சரிவில் ஓடிக் குதித்துப் பறப்பார்களாம். சமதரையில் அது நடக்காது. அதனால் ஒரு டிரெய்லர் மேல் பழைய கார் என்ஜினை வைத்து, அதில் பெரிய உருளை மாட்டி, முக்கால் கிலோமீட்டர் மெல்லிய கயிறு சுற்றியிருந்தார். ஏரியின் ஒரு கோடியில் இந்த விஞ்ச் நிற்கும். மறு கோடியில் பறக்கிறவர் நெஞ்சுக் கொக்கியில் கயிற்றின் நுனி. உருளை சுற்றச் சுற்ற கயிறு இழுக்கும், அவர் ஓடுவார், தலைக்கு மேல் துணி காற்றுப் பிடித்து எழும். காற்றாடி விடுகிற மாதிரிதான், ஆனால் காற்றாடியில் ஆள் இருப்பார்.

முதல் மாதத்திலேயே ஒருநாள் கயிறு உருளையில் தாறுமாறாகச் சுற்றிப் பூரா சிக்கலாகிவிட்டது. அவர் அதை ஒரு கோணியில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்திருக்கிறார். எல்லோரும் என் வீட்டைக் காட்டிவிட்டார்கள். மத்தியானம் உட்கார்ந்தேன், பொழுது சாய்வதற்குள் பிரித்துக் கொடுத்தேன். ஒரு இடத்திலும் வெட்டவில்லை. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா, சனி ஞாயிறு வந்து இந்தக் கயிறைப் பார்த்துக்குவீங்களா?" என்றார்.

முதலில் கயிறு மட்டும் பார்த்தேன். நாலு மாதத்தில் விஞ்சின் இழுவையைக் கூட்டிக் குறைக்கிற லிவரையே என் கையில் கொடுத்துவிட்டார். விஞ்ச் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள், உங்களுக்கு இழுவை கையிலேயே தெரிகிறது என்றார். அது உண்மை. கயிறு இறுகுவதும் தளர்வதும் லிவர் வழியாக எனக்குத் தெரிந்தது.

அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவலாம். கண் பறக்கிறவர் மேல், கை லிவர் மேல். துணி தலைக்கு நேர் மேலே வந்து நிற்காமல் இழுக்கக் கூடாது. முதல் நாலு பனை உயரம் வரைக்கும் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கயிறு அறுந்தால் ஆள் முன்னால் ஊசலாடி விழ இடம் இருக்காது. அதற்கு மேல் போனபிறகு இழுவையைக் கூட்டலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், பறக்கிறவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விலகிப் போக ஆரம்பித்தால் இழுவையை உடனே விட்டுவிட வேண்டும். அப்போது இழுத்தால் மேலே போகாது, பக்கவாட்டில் சுழன்று தரையைப் பார்த்து வரும். விட்டும் நேராகவில்லை என்றால் விஞ்சில் ஒரு கத்தி இருக்கிறது, அதன் கைப்பிடியை அடித்தால் கயிறு துண்டாகிவிடும்.

இதற்கெல்லாம் முந்தின காவல் ஒன்று உண்டு. கயிற்றுக்கும் பறக்கிறவருக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்தில் சிவப்பு நூல் வளையம். வீக் லிங்க் என்பார் சார். இழுவை ஒரு அளவைத் தாண்டினால் அதுவாகவே அறுந்துவிடும். மனுஷன் கண்ணால் பார்த்து, யோசித்து, கையை அசைப்பதற்குள் ரெண்டு மூணு நொடி போய்விடும். நூல் யோசிக்காது. அறுவதற்காகவே கட்டுகிற நூல்.

முதல்முறை கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வாக்கி டாக்கியில் பேச எனக்கு வராது. அந்தக் கோடியிலிருந்து சார் "ரெடியா?" என்று கேட்டால் நான் "ரெடி" என்று சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ரெண்டு வாரம் பார்த்துவிட்டு, "சரி, பேச வேணாம். பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க, ஆமான்னு எடுத்துக்கறேன். ஒரு தடவை நீளமா அழுத்தினா வேணாம்னு அர்த்தம்" என்றார். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. டக் டக் என்றால் ஆமாம்.

அந்தப் பெண் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு ஆரணியில். அப்போது இருபத்தேழு வயது. பஸ்ஸில் வரும்போது ஏரிக்கு மேலே மஞ்சள் துணி பறப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆராதனை முடிந்ததும் வருவாள். பைக்குள் பைபிள், அதற்கு மேலே பேன்ட். வீட்டில் ட்யூட்டி என்று சொல்லியிருந்தாள்.

"பரலோகத்துக்கு எல்லாரும் ஆயத்தமா இருக்கணும்னு எங்க சர்ச் ஐயர் சொன்னாருக்கா. நான் ஜல்தியா கிளம்பிட்டேன்" என்பாள்.

"நீ மொதல்ல தரையில ஒழுங்கா ஓடு" என்பார் சார்.

என்னோடு பேசிக்கொண்டே இருக்கிற ஒரே ஆள் அவள்தான். நான் பதில் சொல்லாவிட்டாலும் பேசுவாள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது, மெடிக்கல் முடிந்துவிட்டது. ஏழு வருஷமாக எழுதி எழுதிக் கிடைத்த வேலை. போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தனியாக மேலே போய் எங்கள் கோட்டையையும் அவள் வீட்டு மாடியையும் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு. தரைப் பயிற்சி முடித்திருந்தாள். சின்னச் சின்னதாக நாலைந்து தடவை எழும்பி இறங்கியிருந்தாள். உயரம் மட்டும் போகவில்லை.

நான் சொல்லாமல் விட்ட அந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீக் லிங்க் மூன்று தடவை அறுந்தது. மூன்றும் அவள் முறை. முதல் தடவை கால் தரையை விட்டவுடனேயே அறுந்து முட்டி போட்டு விழுந்தாள். இரண்டாவது தடவை ஒரு ஆள் உயரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் இறங்கினாள். மூன்றாவது தடவை ஓடும்போதே போய்விட்டது. ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்க நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். வேர்க்கடலை விற்கிறவர் ஒருத்தர் என் விஞ்சுக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டி நிறுத்துவார். எங்கள் தெருக்காரர்தான்.

"ஊருக்கே பாவு பொணைக்கிறவ இங்க குந்திகினு இருக்கா. இங்க நூல் அறுந்துகினே கீது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏம்மா, நூலுக்குக் கஞ்சி போட மறந்துட்டியா?" என்று இன்னொருத்தர் கேட்டார். அதற்கு இன்னும் சிரிப்பு.

அறுந்த துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். காது சுட்டது. முப்பது வருஷத்தில் என் கையில் பட்ட நூல் அறுந்தது என்று யாரும் சிரித்ததில்லை.

சார் வந்து அறுந்த மூன்று துண்டையும் வாங்கிப் பார்த்தார். "அறுந்தது நல்லதுதான்க்கா. ஆனா இவ்ளோ சீக்கிரம் அறக் கூடாது. வெயில்ல கெடந்து பவர் போயிடுச்சு போல. புதுக் கட்டு வரச் சொல்றேன்" என்றார். அவள் முட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு, "சார், அடுத்த சண்டே விட்டா எனக்கு சண்டே கெடையாது. அந்த வார வியாழக்கிழமை ஃப்ளைட்" என்றாள்.

"வர்ற சண்டே போறே" என்றார் அவர்.

புதுக் கட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை போன் செய்து, இருக்கிற பழைய கட்டில் வெயில் படாததாகப் பார்த்து ரெண்டு மூணு வளையம் கட்டி வையுங்கள் என்றார். நூல் பெட்டி என் வீட்டில்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கட்டினேன். நூல் நகத்தில் சுரண்டினாலே பொசுபொசுவென்று பிரிந்தது. நானே இழுத்துப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. அவளைத் தூக்கிவிட்டு மறுபடி தரையில் போட்டுவிடும் என்று தோன்றியது. பக்கத்தில் ஒரு வீட்டுப் பாவின் மிச்சம் கிடந்தது, அதே சிவப்பு. வேக வைத்துச் சாயம் போட்ட பட்டு. ஒவ்வொரு வளையத்துக்கும் நாலு இழை எடுத்தேன். ஒவ்வொரு இழையும் பல புரி சேர்த்தது. அதை அந்த நூலின் முறுக்குக்குள்ளேயே கொடுத்து, சாம்பல் தொட்டு, நூல் போகிற பக்கமாகவே முறுக்கி உள்ளே அடக்கிவிட்டேன். வெயிலில் போன பலத்தைத் திரும்பக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு போனது, எவ்வளவு கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. பட்டு எவ்வளவு தாங்கும் என்று மட்டும் தெரியும். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் விசைத்தறியிலிருந்து சாப்பிட வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னா, காத்தாடிக்கும் பாவா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

முடித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு காலை சாரிடம் வளையங்களைப் போட்டிருந்த டப்பாவைக் கொடுத்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் இன்னொருவருடைய ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று என் கோடிக்கு நடந்தேன்.

அவள் வர பத்து மணி ஆகிவிட்டது. ஆராதனை நீண்டுவிட்டதாம். நாங்கள் காற்றைப் பார்ப்பது ரைஸ் மில் புகையை வைத்து. காலையில் புகை விஞ்ச் பக்கமிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. பறக்க முடியாத காற்று இல்லை, ஆனால் கவனம் வேண்டிய காற்று. வேர்க்கடலைக்காரர் வந்திருந்தார். அந்த வாரம் இன்னும் கூட்டம்.

வாக்கி டாக்கியில் சார் குரல் வந்தது. "அக்கா, வீக் லிங்க் மாட்டிட்டேன். கண்ணால பாக்க நல்லா கீது. நீங்க ஒவ்வொண்ணா செக் பண்ணி எடுத்ததுதானே? வேற ஒண்ணும் இல்லியே?"

அந்த நேரத்தில் பட்டனை ஒரு தடவை நீளமாக அழுத்தியிருந்தால் போதும். அவர் நிறுத்திவிட்டு என்னிடம் நடந்து வந்திருப்பார். நான் நாற்பது ஐம்பது பேர் முன்னால், நூலில் பட்டு சேர்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வேர்க்கடலைக்காரர் கேட்டிருப்பார்.

டக் டக் என்று அழுத்தினேன்.

"ஓகே. மெதுவா இழுங்க."

லிவரைக் கொஞ்சம் தள்ளினேன். தொய்வு போய்க் கயிறு தரையை விட்டு எழுந்தது. தூரத்தில் மஞ்சள் துணி எழுந்து அவள் தலைக்கு மேல் நேராக நின்றது. அழகாக ஓடினாள். கால் தரையை விட்டது. கரையில் கை தட்டினார்கள். நான் மெதுவாகத்தான் இழுத்தேன், அதில் தப்பு செய்யவில்லை. ஒரு பனை, இரண்டு பனை. இரண்டாவது பனைக்கு மேலே துணி அவளுக்கு இடது பக்கம் திரும்பியது. காற்று தள்ளியது. துணியைத் திருப்ப இரண்டு கையிலும் பிடி உண்டு, அவள் வலதை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இடதை இழுத்துவிட்டாள்.

பெரிதாகச் சாய்ந்தது. என் கையில் கயிறு கனத்தது. விஞ்சில் இழுவையைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. நூல் அறுந்துவிடும் என்று என் உடம்பு காத்திருந்தது, இத்தனை மாதமாக அந்தக் கனத்தில் எப்போதும் அறுந்துவிடும். அறவில்லை. அப்போதுதான் அது அறாது என்று எனக்குத் தெரிந்தது.

வாக்கி டாக்கியில் "விடுங்க, விடுங்க" என்று கேட்டது. லிவரை விட்டேன். பெரிய உருளை, உடனே நிற்கவில்லை. கத்தியின் கைப்பிடி மேல் கை வைத்தேன். அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு மூச்சு இருக்கும். முறுக்கேறி நிற்கிற நூலை வெட்டுவது என் கைக்குப் பழக்கமில்லை. பிறகு அடித்தேன்.

கயிறு அறுந்ததும் துணி முன்னால் பாய்ந்தது. அவள் கொக்கியைக் கழற்றவில்லை. நீளமான கயிறு பின்னாலேயே இழுபட்டுப் போய் வேலிகாத்தானில் மாட்டிக்கொண்டது. ஒரு வெட்டு வெட்டி இழுத்து, ஏரிக்கரைக் கல் மேல் அவளைப் போட்டது. சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை. வேர்க்கடலைக்காரர் "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னதுதான் எனக்குக் கேட்டது.

புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் நாலு பேர் அவளைத் தூக்கக் குனிந்திருந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க. என்னைத் தூக்காதீங்க" என்று அவளே சொன்னாள். மல்லாந்து கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. "முதுகு போயிருக்கு. பலகை எடுத்துகினு வாங்க. கதவு இருந்தா கதவு. கழுத்தை யாராவது புடிங்க. சார், நீங்க புடிங்க, ஆட்டாதீங்க."

சார் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். ஒரு டிராக்டரின் பின்பலகையைக் கழற்ற ஆட்கள் ஓடினார்கள்.

"அக்கா வந்துட்டாங்களா?" என்றாள். "அக்கா, ஷூவைக் கழட்டுங்க, மெதுவா. என் கால் விரலைத் தொடுங்க. எந்த விரல்னு நான் சொல்றேன்."

கழற்றினேன். வலது காலின் சுண்டுவிரலைத் தொட்டேன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விரலைத் தொட்டேன், கிள்ளினேன்.

"தொடுங்கக்கா" என்றாள்.

நான் இடது காலுக்குப் போனேன்.

"ம், தொடுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "தொட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"தொட்டுட்டேன் பாப்பா."

"சரி" என்றாள்.

பலகை வந்தது. எப்படிப் புரட்ட வேண்டும், எத்தனை எண்ணும்போது தூக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். பலகையில் வைத்தபிறகு நெஞ்சுக் கொக்கியை சார் கழற்றிப் பக்கத்தில் வீசினார். அதில் சிவப்பு வளையம் அப்படியே இருந்தது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆம்புலன்ஸில் கூட ஒரு பெண் வேண்டும் என்றார்கள், நான் ஏறினேன். வேலூர் வரைக்கும் அவள் தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு நொறுங்கி உள்ளே அழுத்துகிறது, காலையில் ஆபரேஷன், கால் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் அம்மா வந்தார்கள். சர்ச்சுக்குப் போன புடவையிலேயே இருந்தார்கள். சார் அவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். "காத்து கொஞ்சம் திரும்பிச்சும்மா. அவங்க பதட்டத்துல ராங் சைடு இழுத்துட்டாங்க. அதுக்குன்னு ஒரு நூல் இருக்கு, லோடு ஏறினா தானா அறுந்துடும். அதுகூட அறல. அவ்ளோ லோடே ஏறல. அதுக்குள்ள திரும்பிடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ட்யூட்டின்னு சொன்னாளே" என்று அம்மா சொன்னார்கள். அதையே மூன்று நாலு தடவை சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்கள்.

"மிஷின் ஓட்டறவங்க" என்று சார் சொன்னார். அம்மா என் கையைப் பார்த்தார்கள்.

ஐந்து மணி சுமாருக்கு அவளைப் பார்க்க உள்ளே விட்டார்கள், ஒருவர் மட்டும் என்று. அம்மா போய் வந்தபிறகு நான் போனேன். அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். மருந்தில் கண் பாதி மூடியிருந்தது.

"அக்கா, நான் ராங் சைடு இழுத்துட்டேன்" என்றாள். "எத்தனை தடவை சொன்னாரு சார். ரைட்டு ரைட்டுன்னு மனசுல சொல்லிகினே லெஃப்டை இழுத்துட்டேன். என் தப்புதான். வியாழக்கிழமை போச்சு. நானே போட்டுகினேன் மண்ணு."

வெளியில் இருக்கும்போது சொல்லாமலே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். அந்த வளையத்தை வீட்டு அடுப்பில் போட்டால் முடிந்தது. பட்டு முடி எரிகிற மாதிரி நாறும், அவ்வளவுதான். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு வாழ்நாள் முழுக்கத் தன் கைதான் தப்பு செய்தது என்று இருக்கும்.

இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்து அவள் முகத்துக்கு மேல் பிடித்தேன்.

"இது அறுந்திருக்கணும் பாப்பா" என்றேன். "நீ தப்பா இழுத்தாலும் இது அறுந்திருக்கணும். நான் இதுல பட்டு சேர்த்துட்டேன். நாலு இழை. நேத்து வீட்டுல. சார் கேட்டப்போ இல்லன்னு சொல்லிட்டேன்."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் வளையத்தையே பார்த்தாள்.

"எங்க?" என்றாள். "எங்க சேர்த்திருக்கீங்க? தெரியலியே."

நகத்தால் முறுக்கைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் பிடித்தது, இறுக்கமாக இருந்தது. பிறகு பட்டு தனியாக வந்து பளபளத்தது. நாலு இழையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன்.

"நல்லாதான் பொணைச்சிருக்கீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கையை நீட்டினாள், அதில் வைத்தேன். விரலை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "சாரிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"சொல்லிடுங்க. எங்கம்மாகிட்ட அவரு சொல்லட்டும். நீங்க இப்ப போங்கக்கா."

வெளியே வந்தேன். சார் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இந்தத் தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"எத்தனை இழை?" என்று கேட்டார்.

"நாலு சார்."

"நான் கேட்டப்போ ரெண்டு தடவை அழுத்தினீங்களே."

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். "நான் வாயால சொல்லச் சொல்லியிருக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, கை கால் கழுவிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவிடம் போய், முன்னே சொன்னது சரியில்லை என்று ஆரம்பித்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அம்மா ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஆரணி பஸ் ஏறி இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் ஆரம்பித்து மூன்றரைக்கு முடிந்தது. கால் வருமா என்று அன்றைக்கும் சொல்லவில்லை. மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு அவளால் வர முடியாது என்று அவள் அம்மா போன் செய்து சொன்னார்கள். சார் ஆள் வைத்து விஞ்சை ஏரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். நான் சேவூரில் ஒரு வீட்டுக்குப் பாவு பிணைக்கப் போனேன்.